வலது மூலையைத் தொட்டால் கணக்கே மூடிக்கொள்கிறது: உதவி தேவை

கோத்தகிரி மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் அப்பா பசுந்தேயிலை எடைக் கணக்கைக் கணினியில்தான் எழுதி வருகிறார். போன வாரம் கணினியை மாற்றி அமைத்ததிலிருந்து, சாளரத்தைக் கீழே இறக்கி வைக்க வலது மூலைக்குப் போனால் கோப்பே மூடிக்கொள்கிறது. சேமிக்கவா என்று கேட்கும் பெட்டியில் அவர் பதற்றத்தில் 'வேண்டாம்' என்பதை அழுத்தியதால் இரண்டு நாள் கணக்குப் போய்விட்டது. நாளை ஏஜெண்ட் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும்.

குன்னூர் வாசகர்:
எந்த இயங்குதளம்? மாற்றி அமைத்தது என்றால் என்ன செய்தீர்கள்? மவுஸா, டச்பேடா?

மலைரயில்:
இது மவுஸ் கோளாறு என்றே நினைக்கிறேன். நம் மலையின் ஈரத்தில் பொத்தான் கெட்டு, ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகும். என் வீட்டில் மூன்று மவுஸ்கள் அப்படிப் போயின. முதலில் வேறு மவுஸ் போட்டுப் பாருங்கள்.

பழைய திரை:
இயங்குதளத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டால் யார்தான் உதவ முடியும்? இது அடிப்படை, அம்மா. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

கோத்தகிரி மகள்:
மன்னிக்கவும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால் தம்பி ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். திரையின் பெயர் க்னோம் என்கிறான். மூலையில் பெருக்கல் குறி மட்டுமே இருக்கிறது.

பழைய திரை:
அப்படியானால் கோளாறே இல்லை. 2011இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது க்னோம், சாளரத்தைக் கீழே இறக்கும், பெரிதாக்கும் பொத்தான்களை எடுத்துவிட்டது. ஆப்பிளின் மேக் கணினியைப் பார்த்து அடித்த நகல்தான் இதெல்லாம்.

லவ்டேல் ஆசிரியை:
ஐயா, அது பொருந்தவில்லை. 2001இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் முதல் இன்றுவரை, சாளரத்தைக் கீழே இறக்கும் மஞ்சள் பொத்தான் மேக்கில் இடப்பக்கம் இருக்கிறதே.

பழைய திரை:
ஆப்பிளே இந்தச் சாளரங்களை ஜெராக்ஸ் நிறுவனத்திடம் கடன் வாங்கியதுதான். 1979இல் அவர்கள் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தைப் போய்ப் பார்த்தார்கள். 1983இல் அவர்களின் லிசா கணினி வந்தது. பிறகு திரைத் தோற்றத்தை நகலெடுத்ததாக மைக்ரோசாஃப்ட் மீது 1988இல் வழக்குப் போட்டு, 1994இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அவர்கள் குறிப்பிட்ட 189 கூறுகளில் 179க்கு 1985ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே உரிமம் கொடுத்திருந்தார்கள்.

லவ்டேல் ஆசிரியை:
வழக்கு விவரம் சரிதான், ஆனால் இந்த வீட்டில் நடந்தது வேறு. கடன் வாங்குகிறவர்கள் குறியைக் கொண்டுவருகிறார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைக் கை மறப்பதில்லை. வலது மூலையில் மூடும் பெருக்கல் குறி 1989இல் நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற இயங்குதளத்திலேயே இருந்தது. விண்டோஸ் 3.1இலோ அதே மூலையில் சாளரத்தைப் பெரிதாக்கும் மேல்நோக்கிய அம்பு இருந்தது. மூடுவதற்கு இடது மூலைப் பெட்டியை இருமுறை அழுத்த வேண்டும். விண்டோஸ் 95 அந்த வலது மூலையைப் பெருக்கல் குறிக்குக் கொடுத்தது. அப்போது நான் கற்பித்த வகுப்பில், பெரிதாக்கப் போன பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மூடிவிட்டுத் திகைத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். உங்கள் அப்பா தவறு செய்யவில்லை, தாயே. இத்தனை நாள் பழகிய இடத்திற்குத்தான் அவர் கை போகிறது.

ட்வீக்ஸ் என்ற செயலியை நிறுவி, அதில் சாளரத் தலைப்புப் பட்டைக்கான பகுதியில் இரண்டு பொத்தான்களையும் இயக்குங்கள். டேஷ் டு பேனல் என்ற நீட்சியையும் சேர்த்தால், இறக்கி வைத்த சாளரம் கீழ்ப்பட்டையில் கண்ணெதிரே நிற்கும். கணக்கு எழுதுவது லிப்ரேஆஃபிஸ் செயலியில் என்றால், அதன் அமைப்புகளில், எப்போதும் காப்புப்பிரதி எடு என்பதையும் மறக்காமல் தேர்ந்தெடுங்கள். முன்பு சேமித்த பிரதி தனியாக இருக்கும்.

மலைரயில்:
இருந்தாலும் மவுஸையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கோத்தகிரி மகள்:
பொத்தான்கள் வந்துவிட்டன. இரண்டு நாள் எடையையும் ரசீதுகளைப் பார்த்து அப்பா மறுபடி ஏற்றிவிட்டார். மிக்க நன்றி, அம்மா.