புதுப்பிப்பு: ஊட்டியிலிருந்து கோவை கச்சேரிக்குப் போய் ராத்திரி திரும்புவது

காலேஜ் சேர்ந்ததும் முதல் லைவ் கச்சேரி, கோவையில். முடிய ராத்திரி ஆகும், ஊட்டி திரும்புவது எப்படி, காதுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

கைகொடுத்தது மேட்டுப்பாளையம் யோசனைதான். ராத்திரியே மலை ஏறாமல் அங்கே தோழி வீட்டில் தங்கி, விடிந்ததும் குன்னூர் வழி பஸ் பிடித்தோம். அரசுப் பஸ்ஸில் வந்தால், வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய எடுக்கும் இ-பாஸ் வேண்டாம். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கும் வேண்டாம்; மற்ற கார்களுக்கு எடுத்தே ஆகணும்.

மேடை முன்னால் முண்டாமல் சவுண்ட் மிக்சர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பக்கத்தில் நிற்கச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. அந்த இடத்தில் கேட்பதை வைத்துத்தான் சவுண்ட் எஞ்சினியர் அளவு வைக்கிறார். டிரம்ஸ் நெஞ்சில் அதிர்ந்தது, ஆனாலும் பாடகி மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்டது. சிலிர்த்துப் போனேன்! மெடிக்கலில் வாங்கிய ஃபோம் அடைப்பானை மெல்லிசாக உருட்டி, காதை மேலே இழுத்துச் செருகணும். மறுநாள் காதில் இரைச்சலே இல்லை.

எதிர்பாராதது: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இறங்கும்போது பர்லியாறு பக்கம் காது அடைத்துக்கொண்டது. எச்சில் விழுங்கியதும் விட்டது. சளி இருந்தால் அடைப்பு விட நேரம் ஆகலாம், முன்கூட்டியே கிளம்புங்கள். பவர் பேங்க்கை கச்சேரி நடந்த இடத்தின் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், போனில் முழு சார்ஜ் அவசியம்.