புதுப்பிப்பு: ஹப் மாற்றியாச்சு, சென்சார்தான் காணாமல் போனது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: இன்டர்நெட் போனால் கதவு சென்சாரும் செத்துவிடுகிறது, சென்சார், விளக்கு எல்லாவற்றையும் இணைக்கும் ஹப்பில் எதற்கு மாறலாம் என்று. பலர் சொன்னபடி, எல்லாமே வீட்டுக்குள்ளேயே ஓடும் வழிக்கு மாறிவிட்டேன். ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதில் இதையெல்லாம் நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், யூஎஸ்பியில் சென்சார்களோடு ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் ஒரு டாங்கிள். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தேன், விளக்கு எரிந்தது. சரி, அந்தக் கவலை தீர்ந்தது.

அப்புறம்தான் புதுத் தலைவலி. மாடிக் குளியலறையில் வைத்த நீர்க்கசிவு சென்சார் இரண்டு நாளுக்கொரு முறை இணைப்பு விட்டுக் காணாமல் போகும். பேட்டரி மாற்றினேன், மறுபடி இணைத்தேன், திட்டியும் பார்த்தேன். பாவம், தப்பு அதன்மேல் இல்லை. டாங்கிளை யூஎஸ்பி 3.0 போர்ட்டில் நேராகச் செருகியிருந்தேன். அந்த போர்ட் கிளப்பும் இரைச்சல், ஜிக்பீ பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே வந்து விழும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, 2.0 போர்ட்டுக்கு மாற்றி, வைஃபை ரவுட்டரிலிருந்தும் தள்ளி வைத்தேன். சிக்னல் தரம் காட்டும் எண் 40லிருந்து 120ஐத் தாண்டியது.

பேட்டரியில் ஓடும் சென்சார்கள் மற்றவற்றின் சிக்னலைக் கடத்திவிடாது என்பதும் இப்போதுதான் புரிந்தது. கரண்டில் ஓடும் ஜிக்பீ ஸ்மார்ட் ப்ளக் அதைச் செய்யும். மாடிப்படி ஓரம் ஒன்றை மாட்டினேன். மூன்று வாரமாக ஒரு சென்சார்கூட இணைப்பு விடவில்லை.

மேட்டர் (Matter) என்ற புதிய ஸ்மார்ட் வீட்டுத் தரத்துக்குப் போகச் சொன்னவர்களுக்கு: என்னிடம் இருப்பதெல்லாம் ஜிக்பீ. அவை சாகும்வரை மாறுவதாக இல்லை.