கால் எலும்பு முறிந்ததுக்கு எதற்கு உடம்பு முழுக்க எக்ஸ்ரே?

மணவாளக்குறிச்சிக்காரன்:
தங்கச்சி பிள்ளைக்கு ஏழு மாசம், இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை. கட்டிலில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மாவுக்கட்டு போட்டு அனுப்புவார்கள் என்று பார்த்தால் தலைக்கு சிடி ஸ்கேன், உடம்பு முழுக்க எக்ஸ்ரே, போதாததுக்கு போலீசுக்கும் தகவல். இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். மச்சான் கொதித்துப் போய் இருக்கிறார். காசு பறிக்கிற வேலையா? பச்சைப்பிள்ளைக்கு இத்தனை கதிர்வீச்சு தாங்குமா?

தக்கலை எக்ஸ்ரே டெக்னீஷியன்:
தம்பி, நடக்காத பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்தால், யாராவது பிள்ளையைக் கொடுமைப்படுத்தினார்களோ என்று டாக்டர் சந்தேகப்பட்டே ஆகணும். விழுந்தும் முறியலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாராவது பிள்ளையின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் குலுக்கியிருந்தால் முதுகுப்பக்க விலா எலும்பும் மூட்டை ஒட்டிய எலும்பு முனையும் உடையலாம், வெளியே ஒரு தடிப்புகூட இல்லாமலும் போகலாம். அதனால்தான் இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கை, கால், நெஞ்சு, முதுகு, மண்டை எல்லாம் தனித்தனியாக எடுக்கிறோம்; ஒரே படத்தில் முழுப்பிள்ளையையும் அடக்கினால் மெல்லிய கீறல் தப்பிவிடும். புதிதாக முறிந்த விலா முதல் நாள் படத்தில் பெரும்பாலும் தெரியாது, சுற்றிலும் புது எலும்பு வளர்ந்தபிறகுதான் பளிச்சென்று தெரியும். இரண்டு வாரம் அதற்குத்தான். எக்ஸ்ரே மொத்தமும் சேர்த்தாலும், இயற்கையாகவே வருஷத்துக்கு ஒரு ஆளுக்குக் கிடைக்கிற கதிர்வீச்சைவிடக் குறைவு; அது உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கிற அலகு). உங்கள் ஊர் மணலில் கதிர்வீசுகிற தோரியம் கிடக்கிறது, அங்கே இன்னும் கூடுதலாக்கும்! சிடியில் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மண்டைக்குள் ரத்தக்கசிவு இருந்து அதைப் பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

பத்மநாபபுரம் வக்கீல்:
போலீஸ் வந்ததும் குற்றவாளி ஆகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். யார் செய்தது என்று எக்ஸ்ரே சொல்லாது. ஆனால் ஒரு முறிவு புதிது, இன்னொன்று பாதி ஆறியது என்றால் ‘ஒரே தடவைதான் விழுந்தது’ என்கிற பேச்சு நிற்காது. 1946-ல் ஜான் காஃபி என்ற அமெரிக்க டாக்டர் ஆறு குழந்தைகளிடம் மண்டைக்குள் நாள்பட்ட ரத்தக்கட்டோடு கை கால் முறிவுகளும் இருப்பதை எழுதினார், அங்கிருந்துதான் இந்தச் சந்தேகமே வளர்ந்தது. அப்புறம், போக்சோ என்று மிரள வேண்டாம், அது பாலியல் குற்றத்துக்கு. பொறுப்பில் இருப்பவர் செய்கிற கொடுமைக்கு 2015 சிறார் நீதிச் சட்டம், பிரிவு 75. சரி, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்?

மணவாளக்குறிச்சிக்காரன்:
தங்கச்சி வேலைக்குப் போகிறாள், ஒரு ஆள் வைத்திருக்கிறோம். விழுந்ததாகச் சொன்னதும் அந்த ஆள்தான், வீட்டில் வேறு யாரும் இல்லை. எலும்பு நோயாக இருக்குமோ?

தக்கலை எக்ஸ்ரே டெக்னீஷியன்:
இருக்கலாம். வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ் பார்த்தார்களா என்று கேளுங்கள், பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு தெரிகிறவரை பிள்ளையை அந்த ஆளிடம் விடாதீர்கள். ஆஸ்பத்திரி மாற்றினால் முதல் படங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேணும்.