ஸ்கிப்: தமிழில் என்ன? திங்கள் காலைக்குள் வேண்டும்

மஞ்சக்குப்பத்திலிருந்து, வெள்ளி இரவு:

வணக்கம். தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்குச் சிடி பிளேயர் பழுதுபார்ப்பது பற்றி எட்டுப் பக்கக் குறிப்பு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் சிடி பிளேயரா என்று சிரிக்காதீர்கள். லேசர், மோட்டார், லென்ஸைத் தடத்தில் பிடித்து வைக்கும் சர்வோ மூன்றையும் ஒரே பெட்டியில் திறந்து காட்ட முடிகிறது, புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழையது மலிவாகவும் கிடைக்கிறது. சிக்கல் ஒரே சொல்லில்தான். பொத்தானை அழுத்தி அடுத்த பாட்டுக்குப் போவதும் ஸ்கிப், அழுத்தாமலே பாட்டு நடுவில் எகிறிப் போவதும் ஸ்கிப். போன வருடம் இரண்டுக்கும் 'தாவல்' என்று எழுதிவிட்டேன். தேர்வில் 'தாவலுக்குக் காரணம் யாது?' என்று கேட்டால் ஒரு பையன் 'பாட்டு பிடிக்காமை' என்று எழுதியிருக்கிறான். குறுந்தகடா குறுவட்டா என்ற சண்டையை மட்டும் இங்கே திறக்க வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

நெல்லித்தோப்பிலிருந்து:

அக்கா, அந்தப் பையனுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். உலாவியில் டேபுக்கும் 'தாவல்' என்றே வைத்துத் தொலைத்திருக்கிறோம், அதனால் அது வேண்டாம். பொத்தானுக்குத் 'தாண்டல்', கோளாறுக்குத் 'துள்ளல்'. முடிந்தது.

லாஸ்பேட்டையிலிருந்து:

தம்பி, துள்ளல் கலிப்பாவின் ஓசை. கீறல் விழுந்த தகடு கலிப்பா பாடுகிறது என்றால், ஒரே இடத்தில் சிக்கி நிற்பதை வஞ்சிப்பாவின் தூங்கல் என்பீர்களா? சரியான சொல் கையிலேயே இருக்கிறது: வழுவல். தடத்தில் போக வேண்டிய ஒளி தடத்தை விட்டு வழுவுகிறது. வழு, வழுக்கு, வழுவழுப்பு, இளநீர் வழுக்கை எல்லாம் ஓரினம். வழுதுணங்காய்க்கு, அதாவது கத்தரிக்காய்க்கு, அப்பெயர் வந்ததும் தோலின் வழவழப்பால்தான் என்பது என் துணிபு, இதை 1987 முதல் சொல்லி வருகிறேன், மறுத்தவர் இல்லை. 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்ற நூற்பாவிலும் இதே வழுதான் நிற்கிறது, பாருங்கள்.

முதுநகரிலிருந்து:

ஐயா மன்னிக்கணும், மறுக்க ஆள் இல்லாததற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். இருபது வருஷம் கடை வைத்திருந்தேன், 'வழுவுகிறது' என்று ஒருவரும் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. 'திக்குது' என்பார்கள், 'ஜம்ப் ஆகுது' என்பார்கள், 'சிக்கிக்கிட்டு அதையே பாடுது' என்பார்கள். திக்கினால் முதலில் லென்ஸைப் பார்ப்பேன், பாதி நேரம் தூசுதான். முதல் பாட்டுகள் சுத்தமாக ஓடிக் கடைசிப் பாட்டில் ஜம்ப் ஆனால், லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கும், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளியே படிக்கிறது. உள்ளே நிமிடத்துக்கு 500 சுற்று, விளிம்புக்கு வரும்போது 200. அப்புறம் கீறல். மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக விழுந்த கீறல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வட்டப்போக்கில் விழுந்தது ஆளைக் கொன்றுவிடும். துடைக்கும்போது சுற்றிச் சுற்றித் தேய்க்காதே, உள்ளிருந்து வெளியே நேராக இழு என்று சொல்வது இதனால்தான், இதைக் குறிப்பில் கொட்டை எழுத்தில் போடுங்கள் டீச்சர். நம் ஊர்க் கடல் காற்றையும் சேருங்கள். என் வீட்டு செட்டில் திருகாணி எல்லாம் துருப்பிடித்தது, சிடி வைக்கும் தட்டின் பெல்ட் தளர்ந்து போனது, ஒரு வருஷம் மூடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித்தான் தட்டைத் திறந்தேன். 2011 டிசம்பர் 30 தானே புயலில் தண்ணீர் புகுந்த பிறகு தட்டியும் திறக்கவில்லை. என் ஓட்டு 'திக்கல்'.

வில்லியனூரிலிருந்து:

திக்கல் வேண்டாம். என் மகனுக்குப் பேச்சு திக்கும். பள்ளியில் அவனைக் 'கீறல் சிடி' என்று கூப்பிட்டார்கள். பாடக் குறிப்பிலும் அதே சொல் எதற்கு.

முதுநகரிலிருந்து:

சரிம்மா. வாபஸ்.

லாஸ்பேட்டையிலிருந்து:

அம்மா சொன்னது முற்றிலும் சரி. அதனால்தான் வழு என்கிறேன், அது ஆளைச் சொல்வதில்லை. இன்னொன்று. சிடி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்று பேரனிடம் கேட்டறிந்தேன். இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு அழிந்தாலும் முழுதாக மீட்டுவிடுமாம். அதற்கு மேல் போனால், முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து இடையில் உத்தேசமாக ஒன்றை வைத்துக் காதை ஏமாற்றுமாம். அதுவும் முடியாவிட்டால் மௌனம். இதற்கா நம்மிடம் சொல் இல்லை? பிழையற்றது வழாநிலை, பிழைதான் என்றாலும் ஏற்றுக்கொள்வது வழுவமைதி, வெறும் பிழை வழு! பசுவைப் பார்த்து உவப்பில் 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழுத்தான், ஆனாலும் அமைத்துக்கொள்கிறோமே, அதைத்தான் இந்தப் பெட்டியும் செய்கிறது.

நெல்லித்தோப்பிலிருந்து:

ஐயா, நீங்கள் எழுதியதிலேயே இதுதான் உருப்படி, வழுவமைதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதுநகர் அண்ணன் சொல்லும் ஜம்ப் தரவுப் பிழை இல்லையே, லென்ஸ் தடத்தையே தவறவிடுவதல்லவா? தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டால் அங்கே படிப்பது பிழையில்லாத தரவு, ஆனால் வேறு வரி. இரண்டையும் வழு என்றால் அக்காவின் பழைய சிக்கல் புது வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது.

முதுநகரிலிருந்து:

தம்பி சொன்னதுதான் சரி. கையோடு இன்னொன்று: கையடக்க செட்டில் ஆன்டி ஷாக் இருக்கும், அதைத் 'தாவல் தடுப்பு' என்று எழுதிவிடாதீர்கள். தடுக்காது. பஸ் குலுங்கினால் லென்ஸ் எகிறத்தான் செய்யும். முன்னாலேயே வேகமாகப் படித்து மெமரியில் போட்டுவைத்ததைப் பாடிக்கொண்டே அது பழைய இடத்தைத் தேடிப் பிடிக்கும். என்னுடையது 40 விநாடி. கடலூர் டு பாண்டி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனாலும் ஒரு வரி போகாது, பேட்டரிதான் பாதி வழியில் போய்விடும்.

வில்லியனூரிலிருந்து:

அறுவடையில் நெல்லை நிரப்பிவைத்து ஆடியில் எடுத்துச் சாப்பிடுவது. குதிர்.

நெல்லித்தோப்பிலிருந்து:

குதித்தாலும் காப்பாற்றும் குதிர்! அக்கா, இதை விடாதீர்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

குதிரும் குதியும் ஓரினமா என்று பார்க்க வேண்டும். இரவு எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து, ஞாயிறு இரவு பதினொன்றரை:

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பொத்தானுக்குத் தாண்டல். கோளாறுக்குத் 'தடம் தாவல்', நான் கேட்டதற்கு மூன்று பேர் சரி என்றீர்கள், ஒருவர் தூங்கிவிட்டார். இடையில் உத்தேசமாக நிரப்புவதற்கு வழுவமைதி, அதை விளக்க எனக்கு ஒரு வகுப்பு போகும், பரவாயில்லை. குதிர் வைத்திருக்கிறேன், ஆனால் பிள்ளைகளில் பாதிப் பேர் குதிரைப் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் பக்கத்தில் மெமரி என்றும் போட்டேன். திட்டுபவர்கள் நாளைக்குத் திட்டுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து, திங்கள் காலை 5.10:

நான் தூங்கவில்லை, குதிருக்கு வேர் தேடிக்கொண்டிருந்தேன், கிடைக்கவில்லை. தடம் தாவல் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். தாவுவது குரங்கு, வேண்டுமென்றே செய்வது. அது நிற்க, நீங்கள் அனுப்பிய படியில் முதல் பக்கம் மூன்றாம் வரியில் குறுந்தகடு என்றிருக்கிறது. குறுவட்டு அல்லவா?