ஏரிக்கரையா, பள்ளிக் கூரையா: ஊராட்சித் திட்டத்தில் எதை முதலில் சேர்ப்பது?

கேள்வி: செய்யாற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டிய மராமத்துப் பணிகளை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை, வரும் கிராம சபைக்கு முன்பாக, ஊரார் எங்கள் ஆறு பேரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. ஏறத்தாழ 70 ஏக்கர் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) கொண்ட எங்கள் ஏரியில், சென்ற கார்த்திகையில் பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் மதகை ஒட்டிய கரையின் வெளிப்புறம் நீர் கசிந்தது. ஊரில் பெரும்பாலோர் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்துவதே முதல் வேலை என்கிறார்கள். சென்ற ஆண்டு எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தோம். நிதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்த வரிசையில், எவரிடம், எப்படிக் கேட்டால் பணி நடக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மதகடி

நீர்ப்பாசனப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஏரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. எனவே உங்கள் மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கே போக வேண்டும். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுக்கும் பொருந்துமே தவிர, ஊர் ஏரிகளின் கரைகளை அது தொடாது. ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் கரையைப் பார்ப்பது நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டிய வழக்கம்.

கசிந்த நீர் தெளிவாக இருந்ததா, கலங்கலாக இருந்ததா என்பதை முதலில் விசாரியுங்கள். தெளிந்த நீராயின் கண்காணித்தால் போதும். கலங்கலாயின், கரைக்கு அடியில் செல்லும் மதகுக் குழாயின் பழைய செங்கற்கட்டு விரிசல் விட்டு, நீர் கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். ஏரி நிறைந்த ஓர் இரவில் கரை உடைவது பெரும்பாலும் இப்படித்தான். கோடையில் கரையின் வெளி அடிவாரத்தில் நடந்து பாருங்கள். சுற்றிலும் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால், அங்கே கசிவு நிற்கவில்லை.

மதகு, கலிங்கு (ஏரி நிறைந்ததும் உபரி நீர் வழிந்தோடும் அமைப்பு), கரை, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஆகியவற்றைச் சீர்செய்த பிறகே தூர்வாருதல் என்பது என் உறுதியான கருத்து. பலவீனமான கரைக்குப் பின்னால் ஏரியை ஆழப்படுத்துவதில் ஆபத்தும் உண்டு; கரையின் அடிவாரத்தை ஒட்டி மண் எடுத்தால் கரை சரியும். பெரிய கட்டுமானத்துக்கும் வயதாகிக்கொண்டேதான் இருக்கிறது. திருச்சி அருகே காவிரியில் 1830-களில் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் உடைந்து போயின. பிறகு ஏறத்தாழ 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

பதில்: உத்திரமேரூர் உழவர்

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்று. கலிங்கின் மேல் நட்டிருக்கும் கற்களுக்கு இடையில் மண்ணும் வைக்கோலும் அடைத்து, கூடுதலாக ஓரடித் தண்ணீர் தேக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் அது நல்ல உத்தி. ஐப்பசியிலேயே அடைத்துவிட்டால் வெள்ளம் போக வழியில்லாமல் கரையின் மேல் ஏறும். எப்போது அடைப்பது, யார் எடுப்பது என்பதை ஆயக்கட்டுதாரர்கள் கூடித் தீர்மானமாக எழுதிவையுங்கள். இதற்கு அரசு நிதி எதுவும் தேவையில்லை.

பதில்: ஊராட்சி எழுத்தர்

பள்ளியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கம்பி வெளியே தெரிகிறது என்றால் அந்த இரண்டு வகுப்பறைகளிலும் நாளையே பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. இது திட்டத்துக்காகக் காத்திருக்கும் காரியம் அன்று. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கிறது; அதன் மேல் சிமெண்டைப் பூசினால் அடுத்த மழையில் பூச்சும் சேர்ந்து விழும். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பாழடைந்தவற்றை இடிக்க உத்தரவானது. உங்கள் பள்ளி அந்த ஆய்வில் எப்படிப் பதிவானது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். பழுதுபார்க்கலாமா, இடிக்க வேண்டுமா என்பதை ஒன்றியப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும்.

நிதியைப் பொறுத்தவரை, 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டைத்தான் ஊராட்சி தன் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டதால், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் கோப்பு நின்றிருக்கும். ஒவ்வொரு பணிக்கும் தனித்தனித் தீர்மானம், அளவு, புகைப்படம் வையுங்கள். மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உள்ளன. ஏரிப் பணிக்கு நவம்பர் கூட்டம் பயன்படாது. அப்போது ஏரியில் தண்ணீர் நிற்கும். ஜனவரி 26-இல் தீர்மானம் போட்டால்தான் மதிப்பீடு, அனுமதி, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மதகில் கை வைக்க முடியும்.

செய்யாற்றங்கரையான்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிப் பெரியவரோடு கரையில் நடந்தோம். மதகிலிருந்து பத்தடி தள்ளிக் கோரை பச்சையாக நிற்கிறது. சென்ற கார்த்திகையில் அங்கே செம்மண் கலந்த நீர்தான் வந்தது என்று அவர் உறுதியாகச் சொன்னார். தலைமையாசிரியரும் இரண்டு வகுப்பறைகளையும் இன்று பூட்டிவிட்டார். பிள்ளைகள் இப்போதைக்கு சமுதாயக் கூடத்தில் படிக்கிறார்கள். பள்ளிக்கும் மதகுக்கும் தனித்தனித் தீர்மானங்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். மதகடி ஐயா, மதகின் அளவுகளை எடுக்கும்போது எவற்றைக் குறிக்க வேண்டும் என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமையே நாடாவோடு போய்விடுவோம்.