முள்ளோடையில இறங்காம பாண்டி வரைக்கும் போன கதை

கடலூர்க்காரன்:
ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது. நான் மஞ்சக்குப்பம் பக்கம், பதினாறு வருஷ குடி, டாஸ்மாக்ல ஆரம்பிச்சு கடைசில ஆல்பேட்டை பாலம் தாண்டி பாண்டி எல்லைல இருக்கற முள்ளோடையில நின்னது. அங்க சரக்கு விலை கம்மிங்கறது நம்ம ஊருல யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நடுவுல வீட்ல ஒரு தனியார் மையத்துல கொண்டுபோய் போட்டாங்க, பேர் வேணாம், காசு வாங்குனாங்க, ரூம்ல பூட்டி வச்சாங்க, வெளிய வந்த அன்னிக்கே நேரா கடை.

அப்பறம் ஒருநாள் 14446க்கு போன் போட்டேன், போதை விட நெனைக்கறவங்களுக்கான இலவச நம்பர். அவங்க ஆஸ்பத்திரி பத்தி சொன்னாங்க, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங், அதாவது குடிய விட நெனைக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம், அது பத்தியும் சொன்னாங்க. மீட்டிங்குக்கு பாண்டிதான் போவேன்னு முடிவு பண்ணேன், கடலூர்னா எவனாவது பாத்துருவான்ல. பதினாறு வருஷம் ரோட்டுல விழுந்து கெடந்தப்ப ஊரே பாத்துச்சு, அதுக்கு வெக்கம் வரல, திருந்தப் போறத பாத்துட்டா மானம் போயிடுமாம்!

பாண்டி பஸ் முள்ளோடை வழியாத்தானே போவும். கண்டக்டர் "முள்ளோடை, முள்ளோடை"ன்னு கத்தறாரு, என் காலு தானா எழுந்திரிக்குது. மொத வாரம் இறங்கிட்டேன், மீட்டிங் போகல. ரெண்டாவது வாரம் ஜன்னல் சீட்டுல உக்காந்தேன், பக்கத்துல ஒரு அம்மா மீன் கூடையோட, அவங்கள எழுப்பிட்டு எறங்க கூச்சமா இருந்துச்சு, அப்டியே கன்னியக்கோயில் தாண்டிருச்சு. அந்தம்மாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது.

மீட்டிங் ஒரு ஸ்கூல் கிளாஸ் ரூம்ல. சின்ன பசங்க பெஞ்சு, முட்டி இடிக்குது, போர்டுல வகுத்தல் கணக்கு அழிக்காம பாதில கெடக்கு. பத்து பதினோரு பேர். உள்ள நுழையறேன், டீ ஊத்திட்டு இருந்தவர பாத்ததும் ரத்தமே உறைஞ்சு போச்சு, எங்க தெரு ஆளு! அவரும் யாரும் பாக்கக்கூடாதுன்னுதான் பாண்டி வந்திருக்காரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சிட்டோம். எனக்கு மட்டும் அரை கிளாஸ் டீ குடுத்தாரு. எல்லாருக்கும் முழுசு, எனக்கென்ன அரைன்னு உள்ளுக்குள்ள கோவம். அப்பறம்தான் புரிஞ்சுது, புதுசா வர்றவனுக்கு கை நடுங்கும், முழு கிளாஸ் குடுத்தா சட்டைல கொட்டிக்குவான்.

பேர் மட்டும் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சு அவங்கவங்க கதைய சொல்றாங்க. யாரும் குறுக்க பேசறதில்ல, அட்வைஸ் பண்றதில்ல. பீஸும் கெடையாது, கடைசில ஒரு டப்பா சுத்தி வரும், முடிஞ்சவங்க போடலாம்.

அரியாங்குப்பம் அக்கா:
தம்பி, நான் குடிச்சவ இல்ல, குடிச்சவரோட பொண்டாட்டி. ஓப்பன் மீட்டிங்னா வீட்டு ஆளுங்களும் உக்காரலாம், அப்டி போனேன். பாட்டில எங்க ஒளிச்சாருன்னு அரிசி டின், வாஷிங் மெஷின் பின்னாடின்னு தேடறதுதான் அதுவரைக்கும் என் வேலையே. அங்க ஒருத்தர் தான் பாட்டில் ஒளிச்ச எடத்த எல்லாம் வரிசையா சொன்னாரு பாருங்க, பாதி எடம் எனக்கே தெரியாது! வீட்ல வந்து பாத்தா ரெண்டு கெடச்சுது. குடும்பத்துக்காரங்களுக்குன்னே அல்-அனான்னு தனியா இருக்கு, அமெரிக்காவுல 1951ல ஆரம்பிச்சது. எங்க வீட்டுக்காரர் இன்னும் நிறுத்தல. நான் தேடறத நிறுத்திட்டேன், ராத்திரி தூங்கறேன்.

சிப்காட் ஷிப்ட்:
ஒண்ணு சேத்துக்கறேன் அண்ணே, தினமும் காலைலயே குடிக்கற ஆளுங்க மீட்டிங்க நம்பி திடீர்னு நிறுத்திடாதீங்க. நான் நிறுத்துன ரெண்டாவது நாள் ஃபிட்ஸ் வந்து பாத்ரூம்ல விழுந்தேன், நாக்கு கடிச்சு ரத்தம், அடுத்த நாள் செவுத்துல பூரான் ஓடுதுன்னு கத்திருக்கேன். ஆஸ்பத்திரில தூக்க மருந்து மாதிரி ஒண்ணு குடுத்து கொஞ்சம் கொஞ்சமா கொறச்சாங்க, குளுக்கோஸுக்கு முன்னாடியே பி1 விட்டமின் ஊசி போட்டாங்க, அதுல ஏதோ காரணம் இருக்கு, மூளைக்காமே. மொதல்ல டாக்டர், அப்பறம் மீட்டிங். ஏஏல மருந்து தர மாட்டாங்க.

கருப்புச்சட்டை:
எனக்கு கடவுள் நம்பிக்கை கெடையாது. குடிய விடறதுக்கு ஏஏல சொல்ற பன்னெண்டு படில கடவுள் கடவுள்னு வந்ததும் எழுந்து போகப் பாத்தேன். பக்கத்துல இருந்த பெரியவர் "நீ கும்புட வேணாம்யா, உன்னால தனியா முடியலங்கறத ஒத்துக்க, இந்த ரூம்ல இருக்கற பத்து பேர் உன்னைவிட பெருசுன்னு நெனச்சுக்க, போதும்"னாரு. சேர ஒரே தகுதி குடிய விடணும்ங்கற ஆசைதான், சாமி கும்புடறது இல்ல. ப்ரேயர் சொல்றப்ப இன்னும் வாய மூடிட்டுத்தான் நிக்கறேன், யாரும் ஒண்ணும் கேட்டதில்ல.

கடலூர்க்காரன்:
இன்பாக்ஸ்ல மூணு பேரு கேட்டுட்டீங்க, அந்த தெரு ஆளு யாருன்னு. சொல்ல மாட்டேன். அங்க பாத்தது அங்கயே. என் வீட்டுக்காரிக்கே தெரியாது, கடைல அவரப் பாத்தா "வெயில் ஜாஸ்தி"ன்னு பேசிட்டு போயிடுவோம்.

இப்ப டீ நான்தான் ஊத்தறேன். போன வாரம் ஒரு பையன் கேட் கிட்ட வண்டிய ஆஃப் பண்ணாமயே அஞ்சு நிமிஷம் நின்னான், நான் வெளிய வர்றதுக்குள்ள திருப்பிட்டு போயிட்டான். நம்பர் பிளேட்ட பாத்தேன், டிஎன் 31. நம்மூர் வண்டி.