கீழ்த்தாடை எலும்புக்குள் இருப்பது நரம்புக் கட்டியா, வெறும் நீர்க்கட்டியா?

தண்டையார்பேட்டை_பல்:
பேஷண்டுக்கு 34 வயசு. இடது கீழ் 6, 7ஆம் பல் (கடைவாய்ப் பல்) வேருக்கு அடியில் ஓபிஜியில் (தாடை முழுக்கக் காட்டும் எக்ஸ்ரே) 2 செ.மீ. கருப்பு வட்டம், ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. சொத்தை இல்லை, ஐஸ் வைத்தால் இரண்டு பல்லும் கூசுது. கீழுதட்டில் 3 மாசமா மதமதப்பு. வேறொரு இடத்தில் ரூட் கெனால் பண்ணச் சொல்லியிருக்காங்க. கிளினிக்கிலேயே திறந்து பயாப்ஸி எடுக்கலாமா?

ராயபுரம்_சர்ஜன்:
பல் உயிரோட இருக்கு, அப்புறம் ரூட் கெனால் எதுக்கு? உதடு மதமதன்னா முதல் சந்தேகம் கீழ்த்தாடை நரம்பு மேலதான். சிபிசிடி (தாடைக்கான 3டி ஸ்கேன்) எடுங்க, குறுக்குவெட்டில் நரம்புக் குழாயைப் பின்னாலிருந்து தொடர்ந்து வாங்க. குழாய் புனல் மாதிரி விரிஞ்சு கட்டிக்குள்ள போச்சுன்னா நரம்புக் கட்டிக்கு வாய்ப்பு அதிகம். குழாயைக் கீழே தள்ளிட்டு மேலே உட்கார்ந்திருந்தா நீர்க்கட்டி, அமிலோபிளாஸ்டோமா (பல் உருவாக்கும் திசுவில் வர்ற கட்டி) பக்கம் யோசிங்க.

கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி 18 கேஜ் ஊசியில் உறிஞ்சிப் பாருங்க. எலும்பு தடிமனா இருந்தா ஊசி இறங்காது, சின்ன பர்ரால் (பல் துளைக்கும் முனை) ஒரு துளை போடணும். மஞ்சள் நீர் வந்தா நீர்க்கட்டி, தயிர்க்கட்டி மாதிரி வந்தா கெரட்டோசிஸ்ட் (கெரட்டின் நிறைஞ்ச நீர்க்கட்டி). ஒண்ணுமே வரலைன்னா உள்ளே திடக்கட்டியா இருக்கலாம். (நரம்பு உறையில் வர்ற ஸ்வானோமா கட்டி சில நேரம் உள்ளே கரைஞ்சு நீர் கோத்திருக்கும், அதனால நீரை மட்டும் நம்பாதீங்க.) செக்கச்செவேல்னு ரத்தம் சிரிஞ்சைத் தள்ளிட்டு ஏறினா அதோட நிறுத்திடுங்க. அது ரத்தக்குழாய்க் கோளாறு, அங்கே ஒரு பல்லைப் பிடுங்கினாலே உயிர் போற அளவுக்குக் கொட்டும். இந்த ஒரு காரணத்துக்கே கிளினிக்கில் திறக்க வேண்டாம்னு சொல்வேன். கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கே அனுப்புங்க.

பேத்தாலஜி_மேசை:
எலும்புக்குள் ஸ்வானோமாவே அபூர்வம், சாதா எலும்புக் கட்டிகளில் 1 சதவீதம்கூட வராது. வந்தா கீழ்த்தாடையில்தான் அதிகம், அங்கேதான் நரம்பு இவ்வளவு நீளத்துக்கு எலும்புக் குழாய்க்குள்ள ஓடுது. ஸ்வானோமாவுக்கு உறை உண்டு. நரம்பை ஓரமா ஒதுக்கி வளரும், அதனால உறையோட உரிச்சு எடுத்து நரம்பைக் காப்பாத்தலாம். இன்னொரு நரம்புக் கட்டியான நியூரோஃபைப்ரோமாவில் நரம்பு இழைகள் கட்டிக்குள்ளேயே ஊடுருவிப் போகும், பிரிக்கவே வராது. உதட்டு உணர்ச்சி போகும்னு முன்கூட்டியே சொல்லி கையெழுத்து வாங்கணும். எஸ்-100 சாயம் (நரம்புத் திசுவை அடையாளம் காட்டும் சோதனை) முதலாவதில் முழுக்கப் பிடிக்கும், இரண்டாவதில் திட்டுத்திட்டா. நியூரோஃபைப்ரோமான்னு ரிப்போர்ட் வந்தா உடம்பில் காபி நிறத் திட்டு எண்ணுங்க. பெரியவங்களுக்கு 15 மி.மீ.க்கு மேல் 6 இருந்தா என்எஃப்-1 (உடம்பெங்கும் நரம்புக் கட்டி வர்ற மரபு நோய்) இருக்கான்னு பார்க்கணும்.

தண்டையார்பேட்டை_பல்:
புரியுது சார், அனுப்பிடறேன். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன சொல்லணும்?

ராயபுரம்_சர்ஜன்:
முன்னாடியே ஒரு வேலை இருக்கு. பஞ்சு இழையால் தடவி, மரத்த இடத்தைப் பேனாவால் கோடு போட்டு போட்டோ எடுத்து வைங்க. இல்லைன்னா பிறகு "ஆபரேஷனால்தான் மரத்தது"ன்னு வரும். பிறகு 6 வாரம் இட்லி, குழைஞ்ச சாதம். முறுக்கு கூடாது, காசிமேட்டு நண்டு ஓட்டைக் கடிக்கவே கூடாது, குடைஞ்ச எலும்பு உடையும். டீயை ஆற வெச்சுக் குடிக்கணும், மரத்த உதட்டுக்குச் சூடு தெரியாது.

பேத்தாலஜி_மேசை:
ஒண்ணு விட்டுப்போச்சு. பயாப்ஸித் துண்டைத் தண்ணியிலோ சலைனிலோ போட்டுக் கொடுக்கிறாங்க, செல்லெல்லாம் கெட்டுப் போய் ஒண்ணும் தெரியாது. 10 சதவீத ஃபார்மலின், துண்டைப் போல 10 மடங்கு அளவு. பேரை மூடியில் எழுதாதீங்க, மூடி மாறிடும். பாட்டில் மேல எழுதுங்க.